ஒன்றைப் பலவாக்கும் பெட்டி

பஜனையில் இருபது பேர் ஒரே வரியைப் பாடும்போது ஒருவர் இம்மி முந்துவார், ஒருவர் பிந்துவார். சுருதியிலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் நிறைவு. ஒரே குரலை அச்சு அசலாக இருபது தடவை சேர்த்தால் சத்தம் கூடுமே தவிர, கூட்டம் வராது.

இதை மின்சாரத்தில் செய்துகாட்டிய கதை, ரேடியோ ரிப்பேரில் கை பழகிய எனக்கு மிகவும் பிடித்தது.

1969-இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் 'பக்கெட் பிரிகேட்' என்ற சுற்றைக் கண்டுபிடித்தார்கள். தளம் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவார்களே, அதேதான். நூற்றுக்கணக்கான கண்டென்சர்கள் வரிசையாக நின்று ஒலியின் மின்னூட்டத்தை ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றும். கடைசியில் ஒலி சில மில்லி விநாடி தாமதமாக வெளியே வரும்.

தாமதம் மட்டும் போதாது, அது அசைய வேண்டும். கைமாற்றும் வேகத்தை மெதுவாகக் கூட்டிக் குறைத்தால் தாமதமும் மாறும். தாமதம் குறைந்துகொண்டு வரும்போது சுருதி சற்று ஏறும், கூடும்போது இறங்கும். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் ஏறியும், கடந்து போனதும் இறங்கியும் கேட்கிறதே, அந்தக் கணக்குதான். இந்த அசையும் நகலை அசலோடு கலந்தால், அதுவே கோரஸ்.

1975-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் ஜேசி-120 என்ற கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் இதைக் கொண்டுவந்தது. ஒரு ஸ்பீக்கரில் அசல், மற்றதில் நகல்; இரண்டும் காற்றில்தான் கலக்கும். மறு வருடமே அந்தச் சுற்று, காலால் அமுக்கும் சிஇ-1 என்ற பெட்டியாக 'பாஸ்' பெயரில் வந்தது. 1982-இல் வந்த ஜூனோ-60 சிந்தசைசரில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே ஒரு ஆசிலேட்டர்தான். கோரஸ் பொத்தானை அமுக்கினால் அது வயலின் கூட்டம் போல விரியும்.

இப்போது கம்ப்யூட்டரில் குரலின் சுருதியை நூல் பிடித்தாற்போல நேராக்கிவிடுகிறார்கள். பிறகு உயிர் போதவில்லை என்று அதன்மேல் கோரஸ் போடுவதும் உண்டு. இயல்பாக இருந்த வித்தியாசத்தைத் துடைத்துவிட்டு, இயந்திரத்திடம் திரும்பக் கேட்கிறோம்!

வீட்டில் கீபோர்டு வாசிக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். வேகம், ஆழம், கலவை என்று மூன்று குமிழ்கள் இருக்கும். வேகத்தையும் ஆழத்தையும் சேர்த்து ஏற்றினால் சுருதி தள்ளாடும். நிதானமான வேகம், கொஞ்சம் ஆழம், பாதிக்கும் குறைவான கலவை போதும். போட்டிருப்பது காதுக்குத் தெரியக் கூடாது. எடுத்தால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும்.