ஏறிச் செல்லாத தேரும் அதன் தரையும்

தமிழில் குழந்தைகளின் தேரைப் பற்றி நிறையவே பாடியிருக்கிறார்கள். அந்தத் தேர் ஓடிய தரையைப் பற்றிப் பாடியவர்கள் குறைவு. சென்ற கோடை விடுமுறையில், புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில், வீட்டுக் கொல்லையில் ஒரு ரிமோட் காருக்காக மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தபோதுதான் இது நமக்கு உறைத்தது. இருபது ஆண்டுகளாகச் சங்க இலக்கியம் நடத்தும் ஒருவருக்கு இது பெருமைக்குரிய செய்தியன்று.

கார் தம்பி மகளுடையது. பன்னிரண்டு வயது அவளுக்கு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி வாங்கிவந்தது. கடைத்தெருவில் தொங்கும் பொம்மைக் கார் அன்று இது. உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியே சுருள்வில், முள் வைத்த ரப்பர் டயர். முழு வேகத்தில் மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டும். வாசலில் ஓட்டினால் மினிபஸ்ஸுக்கு இரையாகும். கொல்லையில் ஓட்டினால் பொலபொலத்த செம்மண்ணில் சக்கரம் புதைந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றுவிடும். "பெரியப்பா, இதுக்கு ஒரு தரை வேணும்" என்றாள். தேர் தானே ஓடாது, தரைதான் ஓட்டும் என்பது அவளுக்கு நமக்கு முன்பே விளங்கிவிட்டது.

பழைய நூல்களுக்கு வருவோம். குறுந்தொகையில் தும்பிசேர்கீரனின் பாட்டொன்று உண்டு. தச்சன் செய்துகொடுத்த சிறிய வண்டியில் பிள்ளைகள் ஏறிச் செல்ல முடியாது. ஆயினும் கையால் இழுத்து இன்பம் அடைகிறார்கள். தலைவனோடு கூடி வாழும் இன்பம் கிட்டாவிட்டாலும் அவனது நட்பே போதும் என்று சொல்லவந்த இடத்தில் தோழி எடுத்தாளும் உவமை அது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் தலைவியின் மனநிலையை விளக்கிவிட்டு நகர்ந்திருக்கிறோம். வண்டியை நின்று பார்த்ததில்லை. பார்த்திருந்தால், ஏறிச் செல்லாமல் கையால் இயக்கி மகிழ்வது என்ற அந்த ஒரு குறிப்பே ரிமோட் காருக்கும் இலக்கணம் என்பது தெரிந்திருக்கும். இழுத்த கயிற்றின் இடத்தில் வானொலி அலை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இந்தச் சிறுதேரை இருமுறை பாடுகிறார். பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேரைக் குழந்தைகள் உருட்டிக் களைத்து, செவிலியரிடம் பால் குடித்து உறங்குகிறார்கள். (தச்சன் மகனே ஆசைப்பட்டான் என்றால் வேலைப்பாட்டுக்கு அதற்குமேல் சான்றிதழ் வேண்டுமா?) பட்டினப்பாலையில் வரும் காட்சி நமக்கு இன்னும் முக்கியமானது. காவிரிப்பூம்பட்டினத்து வீடுகளின் அகன்ற முற்றத்தில் உணவுப் பொருள் காய்கிறது. அதைத் தின்ன வரும் கோழியின்மீது பெண்கள் தங்கள் கனத்த காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அது குதிரையின்றிச் சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரத் தேரின் வழியை மறிக்கிறது. நகரின் செல்வச் செழிப்பைச் சொல்ல வந்த பாட்டு என்றே உரை சொல்வோம். ஆனால் சிறுதேரின் தரை தமிழில் தெளிவாகத் தென்படும் அரிய இடங்களுள் அது ஒன்று. உலர்த்தும் களமும் தேரோடும் தளமும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன. நடைவண்டிக்கு இன்றும் மூன்று சக்கரந்தான் என்பதும் நினைவுக்கு வருகிறது.

பெரிய தேருக்குத் தரை கிடைத்திருக்கிறது. முல்லைப் பாட்டுகளில் மழையில் நெகிழ்ந்த செம்மண்ணில் அது விரைகிறது. நெய்தலில் மணலில் சக்கரம் புதைகிறது. சிறுதேருக்கு அந்த ஒரு முற்றம்.

அந்த முற்றத்தில் தேரை உருட்டுபவர்கள் புதல்வர்கள். பெண்ணின் வேலை தானியத்தைக் காப்பது. பின்னால் பிள்ளைத்தமிழ் இதை விதியாகவே ஆக்கிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மீது பாடியது முதலாக வளர்ந்த அந்த வகையில் பருவங்கள் பத்து. ஆண்பாலுக்குக் கடைசி மூன்று சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பாலுக்கோ அம்மானை, நீராடல், ஊசல். மதுரை மீனாட்சிக்கும் ஊசல்தான் வாய்த்தது. மலயத்துவசன் மகளாய்ப் பிறந்து திசைகளையெல்லாம் வென்றவள் என்று புராணம் சொல்லும் அவளுக்கே ஒரு சிறுதேர் கொடுக்கக் குமரகுருபரருக்கு இலக்கணம் இடங்கொடுக்கவில்லை. ஊசல் அழகிய ஆட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊசல் எவ்வளவு ஆடினாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும்.

வடமொழியில் சூத்திரகரின் மிருச்சகடிகம் பெயரிலேயே மண்வண்டியைச் சுமந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொன்வண்டியைப் பார்த்துவிட்டு, தன் மண்வண்டி வேண்டாமென அழுகிறான் சாருதத்தனின் மகன். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண்வண்டியில் நிரப்புகிறாள். பட்டினப்பாலையில் வழியை மறித்த நகை இங்கே வண்டிக்குள் ஏறிக்கொள்கிறது. அங்கும் வண்டி ஆண்பிள்ளையுடையதே.

கயிறு போய் அலை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1898இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா ஆளில்லாத சிறு படகொன்றை வானொலி அலையால் செலுத்திக் காட்டினார். பொம்மைக் காருக்கு அது வந்துசேர 1960களின் நடுப்பகுதி ஆயிற்று. இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவைச் சேர்ந்த நிறுவனமொன்று பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு ஃபெராரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானின் தாமியா 1976இல் மின்கலத்தில் ஓடும் போர்ஷேயை வெளியிட்டது. இவையெல்லாம் வழுவழுப்பான தரையில் ஓடியவை. 1979இல் அதே தாமியா மணலிலும் மேட்டுப் பள்ளத்திலும் ஓடும் வண்டிகளை இறக்கியதும் கதை மாறியது. கலிஃபோர்னியாவில் மண்ணைக் கொட்டி மேடு கட்டி ஓட்டத் தொடங்கினார்கள். பத்தில் ஒரு பங்கு மண்தரை வண்டிகளுக்கான முதல் உலகப் போட்டி 1985இல் அங்கே டெல் மார் என்ற ஊரில் நடந்தது. அதன்பின் மண்ணைப் பக்குவம் செய்வதே ஒரு கலையாயிற்று. களிமண் தரையை இறுக்கிப் பிடிக்கச் செய்யச் சர்க்கரைத் தண்ணீர் தெளிப்பவர்கள் அங்கே உண்டு. சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டியும் கடுக்காயும் ஊறிய நீரைச் சேர்த்த நம் கொத்தனார்கள் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள்.

இனி எங்கள் கொல்லை. அங்கே இடம் வந்த கதை இன்பமானதன்று. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறி எங்கள் பக்கமாக மேற்கே போனபோது, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்துத் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் கொல்லைத் தென்னைகளும் தப்பவில்லை. மீண்டும் நட எங்கள் தாயாருக்கு மனம் வரவில்லை. வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் நாற்பதடிக்கு முப்பதடி அளந்து, ஐந்தடி அகலத்தில் வளைந்து வளைந்து செல்லும் பாதையொன்றை அவள் கோலமாவால் வரைந்தாள். பாதையில் ஏழு வளைவுகள், பாய்வதற்கு ஒரு மேடு.

முதல் முயற்சி படுதோல்வி. செம்மண் பொலபொலக்கிறதே என்று கண்மாய் வண்டல் ஒரு டிராக்டர் நடை வாங்கி நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினோம். தண்ணீர் தெளித்து மட்டப்பலகையால் இழுத்தபோது கண்ணாடி போல் இருந்தது. மூன்றாம் நாள் வெயிலில் அது பாளம் பாளமாக வெடித்தது. கார் வெடிப்பில் சிக்கிக் குப்புற விழுந்து, முன்சக்கரத் தண்டு ஒன்று முறிந்தது. புத்தகத்தில் படித்திருந்தோம்தான்: களி மிகுந்த மண் நீரை உறிஞ்சும்போது விரியும், காயும்போது சுருங்கி வெடிக்கும். படித்தது மண்வெட்டியைப் பிடித்த கைக்கு வந்துசேரவில்லை.

அதுவரை திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தாயார் எழுந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். "களம் பிடிக்கத் தெரியாதவனுக்குக் காலேஜு வேலை ஒரு கேடா?" என்றார். பிறகு பேத்தியிடம் திரும்பி, "ஏத்தா, நீ வா. ஒனக்குச் சொல்றேன்" என்றார்.

நெல்லும் கடலையும் அடிக்கும் களத்தை ஆண்டுதோறும் பிடித்தவர் அவர். அவர் சொன்ன முறை இது. வண்டல் ஒரு பங்கென்றால் கொல்லைச் செம்மண் இரண்டு பங்கு, அதில் சிறு சரளை கொஞ்சம் கலந்திருந்தால் நல்லது. கட்டியை உடைத்துச் சலிக்க வேண்டும். சாயங்காலம் தண்ணீர் தெளித்து, இரவு முழுக்க ஊறவிட வேண்டும். விடிந்ததும் ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிடித்த உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையிலும் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். பதம் தப்பினால் அன்றைக்கு வேலையில்லை. பதம் வந்தால் திமிசுக்கட்டையால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு கஜத்துக்கு ஒரு விரல் சாய்வு இருந்தால் மழைநீர் தங்காது. வளைவில் வெளிப்பக்கம் வரப்புப் போல் உயர்த்தினால் வண்டி வெளியே போகாது. (கடைசிச் செய்தி களத்தில் இல்லாதது. கார் இரண்டுமுறை வேலியில் போய் மோதியதைப் பார்த்துவிட்டு அவரே சேர்த்துக்கொண்டது.) முடிவில் சாணிப்பால் தெளித்து மெழுகல்.

மெழுகல் மட்டும் எடுபடவில்லை. முள் டயர் வளைவுகளில் சாணித் தோலை ஒரே நாளில் உரித்துவிட்டது. நேர்ப்பாதையில் நின்றது, புழுதி அடங்கியது. மாட்டின் குளம்புக்கும் மனிதக் காலுக்கும் ஏற்பட்ட முறை, ஒரே இடத்தில் சுழலும் ரப்பர் சக்கரத்துக்கு முழுதும் பொருந்தாது போலும். ஆனால் அடியிலிருந்த இடிமண் அசையவில்லை. இரண்டு மழைக்குப் பிறகும் இப்போது அப்படியே இருக்கிறது.

களம் பிடிக்கும் வேலை எங்கள் ஊரில் நின்று நெடுநாளாகிறது. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது. எஞ்சியதைத் தார்ச்சாலையில் காயவைக்கிறார்கள். அந்தக் கைப்பக்குவம் எங்கள் தாயாரிடம் பயனற்றுத் தங்கியிருந்தது. ஆனால் திமிசுக்கட்டையைக் கையில் வாங்கியபோது அவர் சொன்னது நெல்லைப் பற்றியன்று. "நான் சைக்கிள் கத்துக்கிட்டது களத்துலதான்" என்றார்.

அது 1992. நமக்கு அப்போது பதின்மூன்று வயது. அதற்கு முந்தைய ஆண்டு மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களுக்கான பாடமாக வைத்தது. இன்று கேட்டால் இயல்பாகத் தோன்றும். அன்று சேலை கட்டிய பெண் சைக்கிளில் ஏறினால் தெருவே நின்று பார்க்கும், வாயில் வந்ததைப் பேசும். 1992 உலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். அந்தக் காலகட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். வயலிலும் கல்குவாரியிலும் வேலை செய்தவர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காத இடங்களில் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள்.

எங்கள் தாயார் ஏறியதும் அப்பாவின் சைக்கிள்தான். தெருவில் பழக வெட்கம். அறுவடை முடிந்து ஆளில்லாமல் கிடந்த களத்துக்கு இருட்டும் நேரத்தில் போவோம். பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது நம் பொறுப்பு. களம் என்பதால் தடுக்கக் கல் இல்லை, மேடுபள்ளம் இல்லை, விழுந்தாலும் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ பிடியை விட்டுவிட்டோம். அவர் திரும்பிப் பார்க்காமல் களத்தைச் சுற்றி வந்தார். ஒருமுறை வந்தார், பிறகு இன்னொருமுறை வந்தார். இறங்கத் தெரியவில்லை என்பது அதன்பிறகே எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அந்த இயக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் சக்கரத்தைப் பற்றி எழுதினார்கள். ஊர்தோறும் அந்தச் சக்கரங்களைத் தாங்கிய களங்களையும் பள்ளிக்கூடத் திடல்களையும் அதிகம் எழுதவில்லை. அந்தக் களத்தைத் தம் கையாலேயே பிடித்து, தம் கையாலேயே மெழுகியவர் எங்கள் தாயார் என்பதை நாமும் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

தளம் அமைந்து மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போன பிள்ளை, "அப்பத்தா!" என்று கத்தினாள். ஓடிப் பார்த்தோம். பாதையின் நேரான பகுதி முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நல்ல தரையை வெறுமனே போட்டுவைக்க எங்கள் தாயாருக்கு மனம் கேட்கவில்லை. மத்தியானம் அள்ளிவிடுவேன், அதுவரை வளைவிலே ஓட்டிக்கொள், அப்படியே கோழி வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் நான்கு வேலியைத் தாண்டி வந்தன. அவள் காதில் சின்னதாக ஒரு தோடு இருந்தது, கழற்றவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே கையிலிருந்த விசையை அழுத்தினாள். கார் மூன்றாம் வளைவைச் சுற்றிப் புளியின் ஓரமாகச் சீறிக்கொண்டு போயிற்று. கோழிகள் நான்கும் வேலிமேல் ஏறின.