தர்மாஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள்!



நோயாளியைப் பெரிதும் காப்பது மனிதரின் கருணையா, நாட்டின் சட்டமா? சட்டமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நெய்யூர் ஆஸ்பத்திரியைச் சொன்னாரு. 1838-இல் டாக்டர் ராம்சே தொடங்கினது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல், அங்கே பல்லாண்டு அறுவை சிகிச்சை செய்தாரு. யாரு இல்லேன்னா? கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனால் அதே மண்ணில், அந்த ஆஸ்பத்திரி தொடங்கின காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மேல்சாதிப் பெண்களைப் போல மாரை மறைக்க உரிமை கிடையாது. காயத்துக்கு மருந்து கிடைச்சுது; மானத்துக்கு? தோள்சீலைப் போராட்டம் நடத்தி, 1859-இல் திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வாங்க வேண்டியிருந்தது. அதுவும் அரைகுறை உரிமைதான். ஆனாலும் எழுதி வாங்கின உரிமை!

அடுத்து ஒரு விபத்து. ஸ்கூட்டரில் போனவர்மேல் கார் மோதியது. பக்கத்து ஆஸ்பத்திரி, 'இது போலீஸ் கேஸ்' என்று சொல்லி, 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. வழியிலேயே உயிர் போச்சு. அங்கே இரக்கமுள்ளவங்க ஒருத்தர்கூடவா இல்லை? இருந்திருப்பாங்க. பயம் அவங்க கையைக் கட்டிப் போட்டிருக்கும். பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அரசு டாக்டரோ, தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் சடங்கெல்லாம் பிறகு. டாக்டர்களை வீணாக அலைக்கழிக்கவும் கூடாது. பார்த்தீங்களா, கருணையின் கட்டை அவிழ்த்துவிட்டதே சட்டம்தான்!

உடனே கேட்பாங்க: "ஏர்வாடியில் உங்க சட்டம் எங்கே போச்சு?" நியாயமான கேள்வி. 2001 ஆகஸ்ட் 6, விடியும் முன்னே தீ. தனியார் மனநல விடுதி ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனாங்க. 1987-லேயே மனநலச் சட்டம் இருந்தது. இருந்தும் தூங்கியது. தட்டி எழுப்ப ஆளில்லை. சங்கிலி போட்டவங்களும், 'பாதுகாப்புக்குத்தான்' என்று சொல்லித்தானே போட்டிருப்பாங்க? கருணைக்குக் கணக்குக் கேட்க முடியாது ஐயா. சட்டத்துக்குக் கேட்கலாம்.

கேட்டாங்க. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பின்னாளில், 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது; 2018 மே 29 முதல் அமலுக்கு வந்தது. எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது. அரசு நடத்தும் இடங்களில் சிகிச்சை பெறுவது உரிமை. வறியவர்களுக்குச் செலவில்லை. வழக்காட இலவச உதவி உண்டு. முறையிட மறுஆய்வு வாரியம் உண்டு.

தாய்மார்களே, உங்க வீட்டிலோ அடுத்த வீட்டிலோ மனம் கலங்கின பிள்ளை இருந்தால், 'விதி' என்று அறையில் பூட்டாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்கே 'நாளைக்கு வா' என்றால், தலைகுனிந்து திரும்பாதீங்க. 'ஏன்' என்று கேளுங்க.

நம்ம ஊர்ப்பக்கம் அரசு ஆஸ்பத்திரியை இன்னும் தர்மாஸ்பத்திரி என்கிறோம். தர்மம் போடுகிறவர் கை மேலே இருக்கும். வாங்குகிறவர் கை கீழே. தீப்பெட்டி வாங்கினாலும் வரி கொடுக்கிறவன் ஏன் கையேந்தணும்? கருணை வரட்டும், வணங்கி வரவேற்போம். அது வராத நாளிலும் நோயாளி பிழைக்கணுமே! அதற்குத்தான் சட்டம் என்று சொல்லி, நல்ல தீர்ப்பை நாடி அமர்கிறேன்.