தந்தையும் மகளும்: இரு தனிமங்களின் பெயர் வரலாறு

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுப்பது தமிழ் இலக்கண மரபு. காரணம் அறியப்படாதவிடத்துக் காரணப் பெயரும் கேட்போர்க்கு இடுகுறியாகவே தோன்றும். பிறமொழியினின்று வந்த அறிவியற் சொற்கள் பெரும்பாலும் இந்நிலையிலேயே மாணவரை அடைகின்றன. டாண்டலம், நயோபியம் என்னும் இரு தனிமங்களின் பெயர்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கிரேக்கப் புராணத்தில் டாண்டலஸ் என்பான் சீயஸ் கடவுளின் மகன். தேவர்களோடு ஒருங்கிருந்து உண்ணும் பேறு பெற்றும், அவர்களுக்கே பிழை செய்து கீழுலகில் தண்டனைக்கு உள்ளானான். மோவாய் அளவு நீரில் அவன் நின்றான். பருகக் குனிந்தால் நீர் வற்றிவிடும். தலைக்கு மேல் கனிகள் தொங்கின. கை நீட்டினால் காற்று அவற்றை அகற்றிவிடும். ஹோமரின் ஒடிசிக் காப்பியத்தில் 11ஆம் பகுதி இதனைக் கூறுகின்றது. ஆசை காட்டி ஏய்த்தலைக் குறிக்கும் ‘டாண்டலைஸ்’ என்னும் ஆங்கில வினைச்சொல் இவன் பெயரிலிருந்தே பிறந்தது.

அவன் மகள் நயோபி. மக்கட்பேற்றால் செருக்குற்ற அவள், இருவரை மட்டுமே ஈன்ற லீட்டோ என்னும் தெய்வத்தினும் தன்னை உயர்த்திப் பேசினாள். லீட்டோவின் மக்களாகிய அப்போலோவும் ஆர்ட்டெமிசும் அவள் மக்களை அம்பெய்து கொன்றனர். நயோபி அழுதழுது கல்லானாள் என்பது கதை.

இக்கதை வேதியியலுட் புகுந்த வரலாறு சுவையானது. 1801இல் இங்கிலாந்தைச் சார்ந்த சார்லஸ் ஹாட்செட், அமெரிக்காவிலிருந்து வந்த கனிமம் ஒன்றிற் புதிய தனிமம் கண்டு, கொலம்பியம் எனப் பெயரிட்டார். 1802இல் சுவீடன் நாட்டு எக்கபெர்க் வேறொரு தனிமம் கண்டார். அதன் ஆக்சைடு, அமிலத்தின் நடுவே கிடந்தும் அமிலத்தைச் சிறிதும் ஏற்கவில்லை. நீரிடை நின்றும் பருக இயலாத டாண்டலஸை எண்ணி, அதற்கு டாண்டலம் என்று பெயர் சூட்டினார். ஆய்வுக்கூடத்திற் கண்ட பண்பே பெயருக்குக் காரணமாயிற்று.

1809இல் உல்லாஸ்டன் இவ்விரண்டும் ஒன்றே என்றார். 1844இல் பெர்லின் நகர ஹைன்ரிக் ரோஸ் அக்கருத்தை மறுத்தார். கனிமங்களில் டாண்டலத்தை விட்டுப் பிரியாது உடனுறையும் தனிமத்துக்கு, டாண்டலஸின் மகள் பெயரால் நயோபியம் எனப் பெயரிட்டார். மூன்றாவது ஒன்றும் உண்டெனக் கருதி, மகன் பெலாப்ஸ் பெயரால் பெலோப்பியம் என்றார். அப்படியொரு தனிமம் இல்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெயர்ப் பொருத்தம் எத்துணை அழகியதாயினும் ஆய்வின் முடிவை அது மாற்றவில்லை.

ஹாட்செட்டின் கொலம்பியமும் ரோசின் நயோபியமும் ஒன்றே. ஆயினும் ஒரு நூற்றாண்டுக் காலம் இரு பெயர்களும் வழங்கின. 1949இல் ஆம்ஸ்டர்டாம் நகரிற் கூடிய அனைத்துலக வேதியியல் மாநாடு நயோபியம் என்பதையே தேர்ந்தது. தனிம அட்டவணையில் அதன் எண் 41. அதே நிரலில் அதற்கு நேர் கீழே டாண்டலம், எண் 73.

மலேசியாவுக்கும் இவை அயலானவை அல்ல. வெள்ளீயத் தாதுவை உருக்கியபின் எஞ்சிய கசட்டில் இவ்விரண்டும் கலந்திருந்தன. கழிவெனக் கருதப்பட்ட அக்கசடே பிற்காலத்தில் டாண்டலத்துக்கு மூலப்பொருளாயிற்று.

நயோபியம் என்பதைத் தமிழெழுத்தில் எழுதிவிட்டால் ஒலி வந்துவிடுகின்றது, காரணம் வருவதில்லை. தமிழில் புதுச்சொல் ஆக்க முனைவோரும், இரு தனிமங்களின் உறவு அச்சொற்களில் அழியாதவாறு காத்தல் வேண்டும். அதுவரை, வகுப்பில் ஆசிரியர் இக்கதையைச் சில நிமிடம் எடுத்துரைப்பாராயின், இடுகுறியாய்த் தோன்றிய சொற்கள் மாணவர்க்குக் காரணப் பெயர்களாய் விளங்கும்.