சுமை இறங்கிய வரலாறு

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. சுமை தூக்கிய மக்களின் வரலாற்றை எழுதுவோர் சிலரே. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை, உள்ளங்கையில் வைக்கத்தக்க விளையாட்டுப் பொருள் ஒன்று நமக்குச் சொல்கிறது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மெக்கானோ கம்பெனியார் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிங்கி’ பாரந்தூக்கி வண்டியே அது.

ஆரஞ்சு நிற உடல். முன்புறம் செங்குத்தான சட்டம். அச்சட்டத்தில் பச்சை நிறமான இரு கவைகள். பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் கவைகள் மேலே ஏறும். துத்தநாகக் கலப்பு உலோகத்தை உருக்கி, எஃகு அச்சினுள் அழுத்திச் செலுத்தி இதனை வார்த்தனர். அவ்வுலோகத்தில் ஈயம் சிறிது மிகுந்துவிட்டாலும், ஆண்டுகள் பல சென்றபின் வார்ப்பு தானே வெடித்து உதிர்ந்துவிடும். உலகப் போருக்கு முன் செய்யப்பெற்ற டிங்கி பொம்மைகள் பல இவ்வாறு அழிந்தன.

இப்பொம்மைக்கு மூலமான வண்டியைச் செய்தவர்கள் காவென்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனியார். 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவில் ஜெர்மானியரின் குண்டுவீச்சால் சிதைந்த காவென்ட்ரி நகரமே அவர்களுடைய ஊர். போர்க்காலத்தில் தீயணைக்கும் பம்புகளைச் செய்த அவர்கள், போர் முடிந்தபின், 1946இல், பாரந்தூக்கி வண்டிகளைச் செய்யத் தொடங்கினர். ஜாக் பிராபம் 1959, 1960ஆம் ஆண்டுகளில் கார்ப் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றதும் இவர்களுடைய இயந்திரத்தால்தான். பந்தயக் காரின் புகழ் நூல்களில் ஏறியது. பாரந்தூக்கியைப் பற்றிப் பேசியவர் குறைவு.

ஆயினும் உலகத்தின் உழைப்பை மாற்றியது பாரந்தூக்கியே. நம் கிணற்று ஏற்றத்தில் ஒரு முனையின் பளு மறுமுனையின் நீரைத் தூக்க உதவுவதுபோல, இவ்வண்டியின் பின்புறத்துப் பளு முன்புறச் சுமைக்கு ஈடு செய்கிறது. சரக்கு அடுக்கிய பலகைத் தட்டின் அடியில் கவைகள் நுழையும். பலர் முதுகு வளைத்துச் சுமந்ததை ஒருவர் அமர்ந்தபடியே தூக்கி அடுக்குவார்.

இந்தப் பொம்மை பிறந்த லிவர்பூலோ பெருந்துறைமுகம். அங்கே கூலிகள் நாள்தோறும் கூடி நின்று, ‘இன்று நம்மை அழைப்பார்களா?’ என்று ஏங்கிக் காத்திருந்த காலம் உண்டு. மூட்டையும் பெட்டியும் அவர்களுடைய உடலைத் தேய்த்தன. ஆயினும் அவையே அவர்களுக்குச் சோறிட்டன. பாரந்தூக்கியும், அதன்பின் பெருகிய சரக்குக் கொள்கலன்களும் முதுகின் சுமையை இறக்கின. உடன் பல்லாயிரவர் வேலையையும் பறித்துக்கொண்டன. இன்பமும் துன்பமும் ஒரே கவையில் ஏறி வந்தன எனலாம்.

இப்பொம்மையின் உற்பத்தி 1960களில் நின்றது. 1979இல் லிவர்பூல் தொழிற்சாலையே மூடப்பட்டது. பொம்மை வார்த்த தொழிலாளரும் வேலை இழந்தனர். எஞ்சிய வண்டிகளைச் சேகரிப்போர் இன்று கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கின்றனர். அவற்றைக் காணும்போது, தேய்ந்த ஆரஞ்சு வண்ணத்தை மட்டும் பார்த்தல் போதாது. அந்தச் சிறு கவைகள் யாருடைய முதுகுக்கு ஓய்வளித்தன, யாருடைய அடுப்பை அணைத்தன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புதுக் கருவி வருங்கால் இவ்விரு வினாக்களையும் சேர்த்துக் கேட்பதே அறம்.