நாப்கின் எந்திரம் வாங்கப் போகிறீர்களா? பஞ்சு முதல் பாக்கெட் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

கிருஷ்ணகிரி மாவட்டம் கல்லாவி, ஊத்தங்கரை வட்டாரத்தில் பருத்தி போடும் விவசாயிகள் மனதில் அடிக்கடி எழும் கேள்வி இது: "பஞ்சை வந்த விலைக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, நாமே நாப்கின் செய்து விற்றால் என்ன?" வீட்டுப் பெண்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார்கள். கடனும் மானியமும் கிடைக்கிறது. ஓசூர் கம்பெனிக்குத் தினமும் பஸ் ஏறிப் போவதைவிட உள்ளூரிலேயே ஒரு தொழில் இருந்தால் நல்லது என்று தோன்றுவது இயல்புதான்.

செய்யக்கூடிய தொழில்தான். ஆனால் இதில் எந்திரம் வாங்குவது சுலபமான வேலை. மூலப்பொருள், சுத்தம், மாதாமாதம் வாங்கும் ஆட்கள் ஆகிய மூன்றும்தான் கடினம். இவற்றைக் கணக்குப் போடாமல் கடன் வாங்கினால், எந்திரம் மூலையில் கிடக்கும், தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

வயலில் எடுத்த பஞ்சு ஏன் உதவாது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். விதை நீக்கிய பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். அது மூழ்காமல் மிதக்கும். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சைப் போட்டால் சில நொடிகளில் நனைந்து மூழ்கிவிடும். மருத்துவப் பஞ்சு 10 நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தர விதி.

பருத்தி இழையின் மேல் இயற்கையான மெழுகுப் படலம் உண்டு. எடையில் பார்த்தால் மிகச் சொற்பம்தான். ஆனாலும் அது தண்ணீரை உள்ளே விடாது. மழையில் காய் வெடித்த பஞ்சு உடனே ஊறிப் போகாமல் இருப்பதற்கும் இந்த மெழுகு உதவுகிறது. நாப்கினுக்கு இதுவே இடைஞ்சல்.

இந்த மெழுகை நீக்க, பஞ்சைக் காஸ்டிக் சோடா கலந்த நீரில், மூடிய கொப்பரையில் நீராவி அழுத்தத்தில் பல மணி நேரம் வேக வைப்பார்கள். பிறகு அலசி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, மறுபடி அலசி, உலர்த்தி, சிக்கெடுத்துச் சுருளாக்குவார்கள். இதற்குத் தண்ணீர் ஏராளமாக வேண்டும். வெளியே வருவது காரம் மிகுந்த கழிவுநீர். முறையான சுத்திகரிப்பு இல்லாமல் அதைத் தோட்டத்தில் விட்டால் மண் களர் ஆகும், கிணறும் கெடும். ஆகவே பஞ்சு வெளுக்கும் வேலையைக் கிணற்று மேட்டில் செய்ய நினைக்காதீர்கள். அது பெரிய ஆலைகளுக்கு உரிய வேலை.

கோவைக்காரர் கற்ற பாடம்

குறைந்த விலை நாப்கின் எந்திரத்தை உருவாக்கிய கோயம்புத்தூர் அ. முருகானந்தமும் பஞ்சில்தான் தொடங்கினார். 1998-இல் பஞ்சைத் துணியில் சுற்றிச் செய்த நாப்கின் ஈரத்தைத் தாங்கவில்லை. கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது மரக்கூழ் இழை என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு ஆண்டும் மூன்று மாதமும் ஆனது. அந்தக் கூழைச் சிறிய அளவில் பதப்படுத்தும் எந்திரத்தை வடிவமைக்க மேலும் நாலரை ஆண்டு பிடித்தது.

அந்த எந்திரம் பல மாநிலங்களின் கிராமங்களுக்குப் போனது. 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாப்கினின் உயிர் அதன் நடுவில் உள்ள உறிஞ்சும் பொருளில்தான் இருக்கிறது என்பதே அவரது அனுபவம் நமக்குச் சொல்லும் செய்தி.

நாப்கினுக்குள் என்ன இருக்கிறது?

• மேல் உறை: உடலில் படும் பகுதி. நெய்யாத துணி (நான்-ஓவன்) அல்லது நுண்துளை போட்ட பிளாஸ்டிக் தாள். ஈரத்தைக் கீழே இறக்கிவிட்டு மேலே உலர்வாக இருக்க வேண்டும்.

• நடுப்பகுதி: ஊசியிலை மரங்களின் நீண்ட இழைக் கூழ். அமெரிக்கத் தென்பகுதிப் பைன் மரக்கூழ் இதற்குப் பெயர் பெற்றது. சில வகைகளில் 'ஜெல்' எனப்படும் உறிஞ்சு பொடியும் சேர்ப்பார்கள்.

• அடி உறை: ஈரம் கசியாமல் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

• பசையும் பசைத் தாளும்: நகராமல் ஒட்டி நிற்பதற்கு.

இவற்றில் எதுவும் நம் வயலில் விளைவதில்லை. எல்லாவற்றையும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எந்திரம் விற்பவரிடம் மட்டுமே மூலப்பொருள் கிடைக்கும் என்ற நிலைமை இருந்தால், அவர் சொன்னதுதான் விலை. குறைந்தது இரண்டு இடங்களிலாவது விலைப்பட்டியல் வாங்குங்கள்.

சிறிய எந்திரத்தில் வேலை நடக்கும் முறை

1. கூழை உதிர்த்தல்: அட்டை போல வரும் கூழைச் சிறு துண்டாக்கி, உதிர்க்கும் எந்திரத்தில் போடுவார்கள். மாட்டுத் தீவனம் அரைக்கும் எந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலத்தான், ஆனால் இங்கே இழை அறுபடாமல் பஞ்சாகப் பிரிய வேண்டும். மாவாகிவிட்டால் உறிஞ்சாது.

2. அச்சில் அழுத்துதல்: உதிர்த்த பஞ்சை எடை போட்டு அச்சில் நிரப்பி அழுத்துவார்கள். அழுத்தம் குறைந்தால் நாப்கின் பிய்ந்து போகும். கூடினால் இறுகி, ஈரத்தை உள்ளே விடாது. ஒவ்வொன்றும் ஒரே எடையில் இருக்க, நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்னணுத் தராசு அவசியம்.

3. உறையிட்டு ஒட்டுதல்: மேல் உறையும் அடி உறையும் வைத்துச் சூட்டில் ஓரம் ஒட்டுவார்கள். சூடு அதிகமானால் ஓரம் கருகிக் கெட்டியாகி உடலை அறுக்கும். குறைந்தால் பிரிந்துவிடும்.

4. பசை தடவுதல்: அடிப்பக்கம் பசை தடவிப் பசைத் தாள் ஒட்டுவார்கள்.

5. கிருமி நீக்கம்: புற ஊதா விளக்குப் பெட்டியில் வைப்பார்கள். இந்த ஒளி படும் இடத்தில் மட்டுமே கிருமி சாகும், உள்ளே ஊடுருவாது. நடுவில் உள்ள அழுக்கை இது போக்கிவிடும் என்று நம்பி, முந்தைய வேலைகளில் சுத்தத்தை விட்டுவிடக் கூடாது. விளக்கு எரியும்போது கண்ணாலும் பார்க்கக் கூடாது.

6. எண்ணிக்கை போட்டுப் பாக்கெட் செய்தல்.

பெரிய ஆலைகளில் இதே வேலைகள் ஒரே வரிசையில் தொடர்ந்து நடக்கும். கூழ்ச் சுருள் ஒரு முனையில் நுழைந்தால், நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் நாப்கின் மறுமுனையில் வெளியே வரும். விலையில் அவர்களோடு போட்டி போடுவது சிறிய குழுவுக்கு முடியாத காரியம்.

500 வாடிக்கையாளர் கணக்கு

முருகானந்தத்தின் எந்திரத்தில் நாள் ஒன்றுக்கு 200 முதல் 250 நாப்கின் செய்யலாம் என்று 2014-இல் பிபிசி எழுதியது. அப்போது கையால் இயக்கும் எந்திரத்தின் விலை சுமார் 75,000 ரூபாய். இன்றைய விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 250 என்றால், மாதம் 25 நாளில் 6,250 நாப்கின். ஒரு பெண்ணுக்கு மாதம் 12 வேண்டும் என்று வைத்தால், ஏறக்குறைய 520 பெண்கள் ஒவ்வொரு மாதமும் உங்களிடமே வாங்க வேண்டும். கல்லாவியிலும் சுற்றுக் கிராமங்களிலும் இத்தனை பேரை யார், எந்த வழியில் போய்ப் பார்ப்பது? கடன் விண்ணப்பம் எழுதும் முன் இதற்குப் பதில் வேண்டும்.

போட்டியையும் பாருங்கள். புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு அரசே நாப்கின் தருகிறது. மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' நாப்கின் ஒன்றின் விலை 2019 ஆகஸ்டில் ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆகவே மலிவு என்று மட்டும் சொல்லி விற்க முடியாது. வீடு தேடிக் கொடுப்பது, கடையில் ஆண்களிடம் கேட்கும் கூச்சம் இல்லாமல் வாங்க முடிவது, வயல் வேலைக்கு ஏற்ற நீளமும் தடிமனும் ஆகியவைதான் உங்கள் பலம். நாள் முழுக்கக் குனிந்து களை எடுக்கும் பெண்ணுக்கும், கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கும் ஒரே அளவு சரிவராது. அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கடன், மானியம், வரி, மின்சாரம்

• பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பிஎம்இஜிபி) கிராமப்புறப் பெண் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மானியம் உண்டு. சொந்தப் பங்கு 5 விழுக்காடு. 3 லட்சம் ரூபாய்த் திட்டம் என்றால் நீங்கள் போடுவது 15,000, மானியம் 1,05,000. மானியம் கையில் வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, பிறகே கடனில் கழியும். விவரங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

• 2018 ஜூலை முதல் நாப்கினுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் கூழ், பிளாஸ்டிக் தாள், பசை போன்றவற்றுக்கு நீங்கள் கட்டும் வரியைத் திரும்பப் பெற முடியாது. அதையும் அடக்க விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

• பம்புசெட்டின் இலவச மின் இணைப்பில் இந்த எந்திரத்தை ஓட்டக் கூடாது. அது விதிமீறல்; அபராதம் வரும், இணைப்பையும் துண்டிப்பார்கள். தனி இணைப்பு வாங்குங்கள். எந்திரத்துக்கு ஒருமுனை மின்சாரம் போதுமா, மும்முனை வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

• பாக்கெட்டில் செய்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை இருக்க வேண்டும்.

தரத்தை நீங்களே சோதிக்கலாம்

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 5405 என்பது நாப்கினுக்கான தர விதி. அதன் 1980-ஆம் ஆண்டுப் பதிப்பு சொன்ன சோதனையை வீட்டிலேயே ஓரளவு செய்து பார்க்கலாம். 30 மில்லி வண்ண நீரை, நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் நாப்கினின் நடுவில் விடுங்கள். அடியிலோ ஓரத்திலோ ஈரம் தெரியக் கூடாது. பிறகு அதன்மேல் ஒரு கிலோ எடையை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அப்போதும் கசியாவிட்டால் நல்லது. ஒவ்வொரு நாள் உற்பத்தியிலும் இரண்டை எடுத்து இப்படிச் சோதியுங்கள்.

விதி 2019-இல் திருத்தப்பட்டிருக்கிறது. விற்பனைக்கு முன் முறையான ஆய்வகச் சான்று வாங்குவது பாதுகாப்பு. கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தில் (சிட்ரா) மருத்துவ ஜவுளிக்கென்றே சிறப்பு மையம் இருக்கிறது.

வேலை நடக்கும் அறையில் உர மூட்டை, பூச்சிமருந்து, தீவனம் எதுவும் இருக்கக் கூடாது. சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரை, ஜன்னலுக்கு வலை, தலைக்கும் வாய்க்கும் உறை, கை கழுவத் தண்ணீர் ஆகியவை கட்டாயம். கூழைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும்.

வாழை நார், கத்தாழை நார்?

அகமதாபாத்தின் 'சாத்தி' நிறுவனம் வாழை நாரில் நாப்கின் செய்து விற்கிறது. கத்தாழை நாரிலிருந்து உறிஞ்சும் பஞ்சு எடுக்கும் முறையை 2023-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கத்தாழை நம்மூர் வறண்ட நிலத்திலும் வளரும் என்பதால் இது கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் இரண்டு நாரிலும் உள்ள லிக்னின் என்ற கெட்டிப் பொருளை ரசாயன முறையில் நீக்கினால்தான் உறிஞ்சும். "உங்கள் நாரை அப்படியே எந்திரத்தில் போடலாம்" என்று யாராவது சொன்னால், தண்ணீர்ச் சோதனையை அவர் கண் முன்னே செய்து பாருங்கள்.

முதல் குறைவாக இருந்தால் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினையும் யோசிக்கலாம். ஆரோவில்லில் 2010 முதல் 'ஈகோ ஃபெம்' இதைச் செய்து வருகிறது. தையல் மிஷினும் நல்ல பருத்தித் துணியும் கசிவு தடுக்கும் துணியும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பயன்படுத்தியதை எங்கே போடுவது?

நாப்கினில் உள்ள பிளாஸ்டிக்கும் ஜெல்லும் மக்காது. எருக்குழியிலோ வாய்க்காலிலோ பாழுங்கிணற்றிலோ போடச் சொல்லாதீர்கள். எருவோடு வயலுக்குப் போனால் ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். தனியாகச் சுற்றித் தூய்மைப் பணியாளரிடம் தர வேண்டும், தயாரிப்பாளர் அதற்கு உறை கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. உங்கள் பாக்கெட்டிலும் உறை இருக்கட்டும்.

முன்பணம் கொடுக்கும் முன்

எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காமல், முதலில் மொத்த விலையில் நாப்கின் வாங்கி, குழுவின் பெயரில் மூன்று மாதம் விற்றுப் பாருங்கள். நூறு பெண்களாவது மூன்றாவது மாதமும் தொடர்ந்து வாங்குகிறார்களா என்று நோட்டில் குறித்து வையுங்கள். வாங்கினால், ஏற்கெனவே இரண்டு ஆண்டாக எந்திரம் ஓட்டும் ஒரு குழுவை நேரில் போய்ப் பார்த்து, மின் கட்டணம், பழுது, உதிரி பாகம், விற்காமல் தேங்கிய சரக்கு எல்லாவற்றையும் கேளுங்கள். கணக்கு சரியாக வந்தால் வங்கிக்குப் போகலாம். வராவிட்டால், அந்த மூன்று மாதத்தில் உங்களுக்கு நஷ்டம் சில பாக்கெட்டுகள்தான். தலைக்கு மேல் கடன் இருக்காது.