தள்ளி எடுத்த பணம் யாருக்கு? மேசை விளையாட்டு ஏலமும் ஜொகூர்க் கூட்டும்

மேசை விளையாட்டுக்கு ஏலம் அமைப்பவர் எல்லாவற்றுக்கும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஏலம் எடுத்தவர் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? 1935இல் வெளிவந்த மோனோபொலியில், வந்து நின்றவர் வாங்க மறுத்த மனை ஏலத்துக்கு வரும்; பணம் வங்கிக்குப் போய்விடும். ஜெர்மானிய வடிவமைப்பாளர் ரைனர் க்னிசியா 1992இல் 'மாடர்ன் ஆர்ட்' விளையாட்டில் அதை ஓவியம் விற்பவர் கையில் சேர்த்தார். 2000இல் அவர் உருவாக்கிய 'ட்ராம்ஃபாப்ரிக்'கில் வென்றவர் கொடுப்பது மற்ற ஆட்டக்காரர்களுக்குச் சமமாகப் பிரிகிறது. ஏலத்தில் தோற்றவருக்கும் அடுத்த ஏலத்துக்குப் பலம் கூடுகிறது.

ஜொகூர் வரலாற்றில் இவற்றுள் இரண்டைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் காம்பிரும் மிளகும் விளைந்த ஆற்றோரக் குடியிருப்புகள் கங்சூ எனப்பட்ட சீனத் தலைவர்களின் பொறுப்பில் இருந்தன. அபினி, சூது, சாராயம் ஆகியவற்றின் வரி உரிமை குத்தகைக்குப் போனது. குத்தகைப் பணம் அரசுக்கு. மோனோபொலி வங்கியின் இடம் அது. கங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. இதற்குள் ரப்பர் வந்துவிட்டது. குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்ட லயங்களில் தமிழர் குடியேறினர். வங்கி எட்டாத அவர்களுக்குக் கல்யாணச் செலவுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் கைகொடுத்தது கூட்டு எனப்பட்ட ஏலச்சீட்டு.

அதன் கணக்கு எளியது. 10 பேர் மாதம் 100 வெள்ளி கட்டினால் தொகை 1,000. அதை மாதம் ஒருவர் ஏலத்தில் எடுப்பார்; அவசரக்காரர் ஒருவர் 200 வெள்ளி தள்ளி, அதாவது அவ்வளவைக் குறைத்துக்கொண்டு, எடுத்தால் அவர் கைக்கு வருவது 800. தள்ளிய 200 பத்துப் பேருக்கும் தலா 20 ஆகப் பிரிய, அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்டுவது 80 மட்டுமே. கூட்டுப் பிடிப்பவரின் பங்கை இங்கே சேர்க்கவில்லை. ட்ராம்ஃபாப்ரிக்கின் பங்கீடு ஏறக்குறைய இதுதான். எடுத்தவர் மறுபடி கேட்க முடியாது. மாதம் ஆக ஆகப் போட்டி மெலியும். கடைசி ஆள் தள்ளாமலே முழுத்தொகையை வாங்குவார். க்னிசியாவின் 'ரா' (1999) விளையாட்டிலும் சூரியச் சில்லுகள் தீர்ந்தவர் அந்தச் சுற்றிலிருந்து விலகுகிறார், மிஞ்சியவருக்கு எதிராகக் கேட்க ஆளில்லை. ஆனால் அங்கே சுற்று எந்தக் கணமும் முடியலாம் என்ற அச்சம் அவரைத் துரத்துகிறது. பொறுத்தவருக்குக் கூட்டு ஆதாயம் தருகிறது. 'ரா' அவரைப் பதறவைக்கிறது. ஒரு வடிவமைப்பாளர் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது என்பேன்.

மலேசியாவின் 1971ஆம் ஆண்டு கூட்டு நிதித் தடைச் சட்டம், கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதைத் தடுத்தது. கூட்டு, சீட்டு, சிட் ஃபண்ட், ஹ்வே, டொன்டின் என்று அதன் விளக்கம் பெயர்களை அடுக்குகிறது. நாட்டின் சட்டநூலில் இரண்டு தமிழ்ச் சொற்கள் சீனச் சொல்லோடு அருகருகே நிற்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் நெகிழ்ச்சி. அவை தடைசெய்யப்படுவதற்காக அங்கே வந்தன என்பதில் வருத்தமும் உண்டு. இந்தியா 1982இல் வேறு வழியில் போனது: சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணை வைக்க வேண்டும், அவருடைய தரகு 5 விழுக்காட்டுக்குள் என்றிருந்தது, 2019இல் 7 ஆனது.

பிணை எதற்கு என்பதில்தான் விளையாட்டுக்கும் கூட்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இருக்கிறது. ட்ராம்ஃபாப்ரிக்கில் வென்றவர் அங்கேயே பணம் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கிறார். கூட்டில் வென்றவர் அந்த நொடியிலிருந்து கடனாளி. நம் சீட்டாட்டத்தில் இந்தச் சாயல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் விரும்பி ஆடும் 304இல், ஒரு நிறத்துக்கு 76 வீதம் நான்கு நிறங்களுக்கு 304 புள்ளிகள். இத்தனை எடுப்பேன் என்று கேட்டவர் அதை எடுத்துக் காட்ட வேண்டும். கேள்வியே வாக்கு.

கூட்டை மேசைக்குக் கொண்டுவர விரும்புபவர் இந்த வாக்கை விதியாக்க வேண்டும். முதல் மாதமே எடுத்தவர் கட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும்? லயத்தில் அடுத்த வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதே அதற்குத் தடையாக இருந்தது. மேசையில் அந்த இடத்தை எது நிரப்பும்?