ஆறு வாரமும் அடுப்படியும்

தாடை அறுவைச் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கத்தியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. தீக்காயத் தழும்பு இழுத்து முன்னே நீண்டுவிட்ட ஓர் இளம்பெண்ணின் கீழ்த்தாடையை வெட்டிச் சரிசெய்ததைப் பற்றி, அமெரிக்காவின் வீலிங் நகர மருத்துவர் சைமன் ஹல்லிஹென் 1849-இல் வெளியிட்ட குறிப்பு அதன் தொடக்கம். வாய்க்குள்ளிருந்தே தாடை எலும்பை நெடுக்காகப் பிளக்கும் முறையை ட்ராவ்னரும் ஹூகோ ஓப்வெகெசரும் 1957-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது அதன் உச்சம். இந்த வரிசையில் விடுபட்டுப்போவது, வெட்டிய எலும்பு கூடுவதற்கு ஆகும் ஏறக்குறைய ஆறு வாரம். அதை எந்த மருத்துவரும் பெரிதாகக் குறைத்துவிடவில்லை. மாறியதெல்லாம் அந்த ஆறு வாரத்தை எங்கே கழிப்பது, யார் உடனிருந்து பார்ப்பது என்பதுதான். நோயாளி இரண்டு மூன்று நாளில் வீடு திரும்புவதை மருத்துவத்தின் வேகம் என்று சொல்வது பாதி உண்மை. வார்டு செய்துவந்த வேலை வீட்டு அடுப்படிக்குக் கைமாறியது என்பது மறுபாதி.

கை முறிந்தால் கட்டுப்போட்டுத் தூளியில் தொங்கவிடலாம். தாடையை அப்படி ஒதுக்கிவைக்க வழியில்லை; விழுங்கும்போதும் பேசும்போதும் கொட்டாவி விடும்போதும் அது அசைந்தே தீரும். முறிவுக்கு இருபுறமும் உள்ள பற்களைத் தங்கக் கம்பியாலோ நூலாலோ சேர்த்துக் கட்டும்படி ஹிப்போகிரட்டீஸ் மரபு நூல்கள் சொல்லின. 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சாலிசெட்டோ ஊர் வில்லியம், கீழ்ப்பற்களை மேற்பற்களோடு சேர்த்தே கட்டச் சொன்னார். எலும்பு அசையாமல் நின்றது, ஆனால் வாயும் மூடிக்கொண்டது. எலும்பும் அசையக் கூடாது, வயிறும் காயக் கூடாது என்ற இந்த இழுபறியிலிருந்துதான் பிற்பாடு வந்த கருவிகள் பலவும் பிறந்தன.

வீட்டில் தேறிய தாடை நோயாளிகளில் பெயர்பெற்றவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவர்ட். 1865 ஏப்ரல் 5 அன்று, மிரண்டோடிய குதிரை வண்டியிலிருந்து குதித்ததில் அவருக்குத் தாடையும் கையும் முறிந்தன. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. அக்காலத்தில் அது பெரிதும் ஏழைகளுக்கும் படைவீரர்களுக்குமான இடம். வசதியுள்ளவர்கள் வீட்டில் படுத்தே குணமானார்கள். அதிபர் லிங்கன் சுடப்பட்ட ஏப்ரல் 14 இரவில், மருத்துவர் கொடுத்தனுப்பிய மருந்து என்று சொல்லித்தான் அதே சதியில் சேர்ந்திருந்த லூயிஸ் பவல் அந்த வீட்டுக்குள் நுழைந்தான். நோயாளி கிடக்கும் வீட்டில் மருந்தோடு ஆள் வருவது அவ்வளவு இயல்பு. படுக்கையில் கிடந்தவரின் முகத்தைக் கத்தியால் கிழித்தான். அப்போது அருகே இருந்தவர்கள் மகள் ஃபேனியும், தானே காயத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த ஜார்ஜ் ராபின்சன் என்ற படைவீரரும். பிறகு பல் மருத்துவர் தாமஸ் கன்னிங் கெட்டி ரப்பரில் செய்த ஓர் அச்சைப் பொருத்தினார். இரு தாடைகளையும் அது கவ்விப் பிடிக்கும்; முன்பக்கத்தில் உணவுக்கென்று ஒரு திறப்பு. சீவர்ட் தேறி, 1867-இல் அலாஸ்காவை விலைபேசி வாங்கினார். அவருடைய மனைவி ஃபிரான்சிஸ் 1865 ஜூனில் இறந்தார். ஃபேனி அடுத்த ஆண்டு அக்டோபரில் காசநோயால் இறந்தார். அந்த இறப்புகளுக்கு நோயாளியைப் பார்த்துக்கொண்டதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சீவர்ட் பிழைத்த கதையைக் கன்னிங்கின் அச்சோடு முடித்துக்கொள்பவர்கள், அந்தத் திறப்பின் வழியே நாள்தோறும் உணவு கொடுத்த கைகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்கிறேன்.

அந்தக் கைகளின் வேலையைத் தனித் திறனாக்கியது முதல் உலகப்போர். பல் மருத்துவர் வில்லியம் கெல்சி ஃப்ரை, தாடை சிதைந்த ஒரு வீரனைத் தலை முன்சாய்ந்தபடியே நடத்திக் கூட்டிவந்து ஒப்படைத்தார். ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்கவைத்ததும் அவன் மூச்சடைத்து இறந்தான். தாடைக் காயக்காரரை மல்லாத்தக் கூடாது என்ற பாடம் பிறந்தது அப்படித்தான். அறுவை மருத்துவர் ஹெரால்ட் கில்லிஸ் பணியாற்றிய, இங்கிலாந்தின் சிட்கப் குயின்ஸ் மருத்துவமனை 1917-இல் திறந்தது. அங்கே 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000-க்கும் அதிகமான அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. மென்று தின்ன முடியாதவர்களுக்குப் பாலும் முட்டையும் கரைத்து, நம் கெண்டிபோல் மூக்கு வைத்த கோப்பையில் நேரம் பார்த்து ஊட்டுவது பயிற்சிபெற்ற செவிலியர்களின் பொறுப்பு. வீட்டில் பெண்கள் பேர் சொல்லாமல் செய்துவந்தது இங்கே சம்பளமும் சீருடையும் உள்ள தொழிலாயிற்று.

இந்தத் தொழிலை மறுபடியும் வீட்டுக்கு அனுப்பியது உலோகம். ஓப்வெகெசர் முறையிலும் முதலில் வாயைக் கம்பியால் கட்டித்தான் வைத்தார்கள். குமட்டினால் வெட்டிவிடுவதற்கென்று படுக்கையருகே கம்பி வெட்டி இருக்கும். 1974-இல் பெர்ண்ட் ஸ்பீசல் பிளந்த எலும்பைத் திருகாணியால் இறுக்கினார். அதே பத்தாண்டில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மாக்சிம் ஷாம்பி சிறு உலோகத் தகடுகளைப் பொருத்தும் முறையை வகுத்தார். எலும்பு உள்ளேயே பிடிபட்டுவிட்டதால் வாய் திறந்தது. மூச்சடைக்கும் அச்சம் தணிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டும் சீக்கிரம் கைக்கு வந்தது. மயக்க மருந்தும் பெனிசிலினும் அல்லவா இதற்குக் காரணம் என்று கேட்கலாம். அவை வெட்டுவதற்குத் துணிவு தந்தன, மறுக்கவில்லை. ஆனால் பெனிசிலின் பரவிய பிறகும் இருபது முப்பது ஆண்டுகள் வாயைக் கட்டுவதே வழக்கமாக இருந்தது. சொந்தப் படுக்கை, சொந்தச் சாப்பாடு, மருத்துவமனைக் கிருமி தொற்றும் பயமில்லை, வீடு நல்லதுதானே என்றும் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் தகடு வைத்த எலும்பும் கூடுவதற்கு அதே வாரங்களைக் கேட்கிறது. முதலில் நீர் உணவு, பிறகு குழைந்த உணவு, தலையணை உயர்த்திய தூக்கம், ஒவ்வொரு வாய் உணவுக்குப் பின்னும் வாய் கொப்பளித்தல், இவற்றில் எதுவும் குறையவில்லை.

உணவை எடுத்துக்கொள்வோம். வெறும் நீராகக் கொடுத்தால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. நோயாளிக்கு அமுதமென்று நம்பிக் கொடுத்த இறைச்சிச் சாற்றில் சத்து சொற்பமே என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வந்த தம் செவிலியக் குறிப்பு நூலிலேயே எச்சரித்தார். அந்த நூலை அவர் செவிலியர்களுக்கான கையேடாக எழுதவில்லை, பிறர் நலத்தைப் பொறுப்பேற்றிருக்கும் பெண்களுக்காகவே எழுதினார் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. ஆங்கிலம் நம்மிடம் வாங்கிக்கொண்ட சொற்களில் கஞ்சியும் ஒன்று. ஆனால் பருப்பும் பாலும் நெய்யும் சேராமல் வடித்த கஞ்சித் தண்ணீரை மட்டும் நம்பினால் இங்கேயும் அதே கதைதான். எதை எவ்வளவு சேர்த்து மிக்ஸியில் அடிப்பது, திப்பியில்லாமல் எப்படி வடிகட்டுவது, சில மருத்துவர்கள் உறிஞ்சுகுழல் வேண்டாம் என்னும்போது கரண்டியா சிரிஞ்சா என்று பார்ப்பது, இதெல்லாம் சிட்கப்பில் ஒரு வார்டே சேர்ந்து செய்த வேலை. இன்று ஒரு வீட்டில் பெரும்பாலும் ஒரு பெண் தனியாகச் செய்கிறாள். மருத்துவமனைக் கணக்கில் மிச்சமான படுக்கை நாட்கள் பதிவாகின்றன. அவளுடைய நாட்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

கில்லிஸின் நோயாளிகளை ஹென்றி டாங்ஸ் பேஸ்டல் வண்ணத்தில் வரைந்த முகங்கள் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் பத்திரமாக இருக்கின்றன. வெட்டுவதற்கு முன்பு எப்படி, பின்பு எப்படி என்று அவற்றில் பார்க்கலாம். ஃபேனி சீவர்ட் நாட்குறிப்பு எழுதியவர்; அதுவும் இருக்கிறது. வரலாற்றாளர்கள் அதைத் தேடிப்போவது ஏப்ரல் 14 இரவுக்காக.